ஒரே பீஸ் ரேட், வேறு வேறு கூலி: வடசென்னைப் பெண்களின் சம்பளம் எங்கே குறைகிறது?

பெண்களுக்குச் சம்பளம் குறைவு என்று பேச்செடுத்தால், "எந்தக் கம்பெனியில ஆம்பளைக்கு ஒரு ரேட்டு, பொம்பளைக்கு ஒரு ரேட்டு போடறான்? காட்டு பார்க்கலாம்" என்று கேட்க வடசென்னையில் எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் போர்ஷன்களில் நடக்கும் தையல் யூனிட்களில் விசாரித்தால் நைட்டிக்கு இவ்வளவு, உள்பாவாடைக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் சொல்வார்கள். தைத்தது யார் என்று அந்த ரேட் பார்ப்பதில்லை. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது, பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த ஆணும் பெண்ணும் ஒரே தொகையை வாங்கிக்கொண்டு படி இறங்குவது அபூர்வம்.

கணக்கு புரிவதற்காக எண்களை நானே போடுகிறேன். ஒரு நைட்டிக்கு 15 ரூபாய். ஆண் டெய்லர் காலை 9 மணிக்கு உட்கார்ந்து இரவு 9 வரை ஓட்டினால் 60 நைட்டி, 900 ரூபாய். பெண் டெய்லர் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு 10 மணிக்கு வந்து 6 மணிக்கு எழுந்துவிடுகிறார். வேகம் அவருக்கும் அதேதான். 40 நைட்டி, 600 ரூபாய். இது வெறும் நேர வித்தியாசம்தானே, இதில் பாகுபாடு எங்கே வந்தது என்று கேட்கலாம்.

சரி, அடுத்ததைப் பாருங்கள். கட்டிங் மாஸ்டர் வெட்டி வைத்த துணிக்கட்டுகளைக் காலையில் பிரித்துக் கொடுக்கும்போது, முதலில் வந்தவர் பிளெயின் மாடலை எடுத்துக்கொள்வார். 10 மணிக்கு வருகிறவருக்கு மிஞ்சுவது பாக்கெட்டும் ஃப்ரில்லும் ஜிப்பும் வைத்த மாடல். அதற்கு ரேட் 2 ரூபாய் கூட இருக்கும். ஆனால் தைத்து முடிக்கப் பிடிக்கும் நேரம் அதைவிட ரொம்பக் கூட. 40 பீஸ் 30 ஆகிவிட்டால் 17 ரூபாய் ரேட்டில் கைக்கு வருவது 510. தீபாவளிக்கு முந்தைய மாதம் யூனிட் இரவிலும் ஓடும். அப்போது நிற்கிறவருக்குத்தான் அட்வான்ஸ், நல்ல மெஷின், முதலாளியிடம் ஒரு செல்வாக்கு. கூட்டம் குறைந்த அந்த இரவுகளில்தான் மாஸ்டர் பக்கத்தில் நின்று துணி வெட்டவும் கற்றுக்கொள்ள முடியும். நாலைந்து வருடத்தில் அவர் கட்டிங் மேஜைக்குப் போய்விடுவார். அந்த அக்கா அதே மெஷினில் இருப்பார். கண் மங்கத் தொடங்கினால் பிசிறு வெட்டுவது, செக்கிங், மடித்து பேக்கிங் போடுவது என்று நாள் கூலிக்கு இறங்குவார்.

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் சேலை வாங்குகிறவர்கள் அங்கேயே ஃபால்ஸ் அடிக்கவும் முந்தானைக்குக் குச்சு கட்டவும் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தச் சேலைகள் மூட்டையாகத் தண்டையார்பேட்டைக்கும் கொருக்குப்பேட்டைக்கும் போய், ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் டிவி பார்த்துக்கொண்டே குச்சு கட்டும் பெண்களின் மடியில் விழுகின்றன. கடையில் கொடுத்த காசில் இவர்களுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று சேலைக்காரருக்கும் தெரியாது, குச்சு கட்டியவருக்கும் தெரியாது. நடுவில் இருக்கும் ஏஜெண்டுக்குத் தெரியும். நூல் தீர்ந்தால் நூல், இரவில் கட்டினால் கரண்டு, எல்லாம் கட்டுகிறவர் செலவு. இதை வேலை என்றே பல வீடுகளில் சொல்வதில்லை. "சும்மாதான் இருக்கா, கொஞ்சம் குச்சு கட்டுவா" என்பார்கள்.

ஆக, கூலியை எண்ணிக் கொடுக்கும் இடத்தில் போய்ப் பாகுபாட்டைத் தேடினால் கிடைக்காது. யாருக்கு எந்த வேலை, எத்தனை மணி நேரம், யாருடைய பதிவேட்டில் என்று முடிவாகும் இடத்திலேயே அது நடந்து முடிந்துவிடுகிறது.

சட்டம் எதைப் பார்க்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் 39-வது பிரிவிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று இருக்கிறது. ஆனால் அது அரசுக்கான வழிகாட்டு நெறி. அதை வைத்து முதலாளி மேல் நேராக வழக்குப் போட முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-வது உடன்படிக்கையை 1958-லேயே இந்தியா ஏற்றுக்கொண்டது. தனிச் சட்டம் வர அதன்பிறகும் பல வருடம் பிடித்தது. சர்வதேசப் பெண்கள் ஆண்டாக இருந்த 1975-ல், நெருக்கடிநிலைக் காலத்தில், ஓர் அவசரச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் அது சம ஊதியச் சட்டம், 1976 ஆனது.

அந்த உடன்படிக்கை சொல்வது சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம். நம் சட்டம் சொல்வது ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு. படிக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. வழக்கு என்று வந்தால் எல்லாமே அதில்தான் நிற்கும். சம மதிப்பு என்றால் குப்பை பிரிக்கும் பெண்ணின் வேலையையும் குப்பை லாரி ஓட்டும் ஆணின் வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் இத்தனை கஷ்டம், இத்தனை பொறுப்பு என்று வாதாடலாம். ஒத்த தன்மை என்றால் அவருக்குப் பக்கத்திலேயே குப்பை பிரிக்கிற ஓர் ஆணைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆணே எடுக்கவில்லை என்றால் ஒப்பிட ஆள் இல்லை.

இங்கிலாந்தில் டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் 1968-ல் வேலைநிறுத்தம் செய்ததும் தையல்காரப் பெண்கள்தான். கார் சீட்டுக்கு உறை தைத்தவர்கள். அவர்களை ஆண்களைவிடக் குறைந்த திறன் தரத்தில் நிர்வாகம் வைத்திருந்தது. போராட்டம் அந்த நாட்டுக்கு 1970-ல் ஒரு சம ஊதியச் சட்டத்தையே வாங்கிக் கொடுத்தது. ஆனால் அந்தப் பெண்கள் கேட்ட திறன் தரம் கிடைக்க 1984-ல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. வீட்டில் அம்மாவிடம் கற்றுக்கொண்ட வேலையைத் திறன் என்று கணக்கில் எடுக்க எந்த ஊர் முதலாளிக்கும் மனசு வருவதில்லை போலிருக்கிறது.

நம் சட்டத்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனிக்கு எதிராக ஆட்ரி டிகோஸ்டா என்ற ஸ்டெனோகிராபர் நடத்திய வழக்கில் 1987-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெரிய அதிகாரிகளுக்கு அந்தரங்க ஸ்டெனோவாகப் பெண்களை மட்டுமே கம்பெனி வைத்திருந்தது. பொதுப் பிரிவில் இருந்த ஆண் ஸ்டெனோக்களுக்குச் சம்பளம் அதிகம். 'அந்த வேலையில் ஆண்களே இல்லை, அப்புறம் எப்படி ஒப்பிடுவது? சங்கமே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தானே இது? கூடுதலாகக் கொடுக்க எங்களிடம் பணமும் இல்லை' என்றெல்லாம் கம்பெனி வாதாடியது. எதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. பெண்களை மட்டும் அங்கே உட்கார வைத்தது கம்பெனிதான், அதையே சாக்காக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். சங்க ஒப்பந்தமும் தப்பாக இருக்கலாம் என்று அதில் வருவதை நம் ஊர்ச் சங்கத் தலைவர்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்கலாம்.

1976-ன் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பில் கலந்துவிட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஒத்த தன்மை என்ற அளவுகோல்தான். திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டட வேலையை இதில் வைத்துப் பாருங்கள். மணல் சலித்து, கலவை கலந்து, பாண்டில் தூக்கி மூன்றாவது மாடிக்கு ஏறும் சித்தாள் பெண்ணுக்கு ஒரு கூலி; செங்கல் எடுத்துக் கொடுக்கும் பெரியாளுக்கு அதைவிடக் கூட; கொத்தனாருக்கு அதற்கும் மேல். பெரியாளாக வந்த பையன் சாப்பாட்டு நேரத்தில் கரண்டியைப் பிடித்துப் பழகி, சில வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். இருபது வருடம் கலவை போட்ட அம்மாவுக்குக் கரண்டியைக் கையில் கொடுக்க யாருக்கும் தோன்றாது. அனுபவம் என்ற வார்த்தை சட்டத்தில் இருக்கிறது. சித்தாளின் இருபது வருடத்தைத்தான் யாரும் அனுபவம் என்று எழுதி வைப்பதில்லை.

கேட்டுக்கு உள்ளே, கேட்டுக்கு வெளியே

வடசென்னைக்குத் தொழிற்சங்கப் பெருமை அதிகம். பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளர்களை வைத்து 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், பி.பி. வாடியா, திரு.வி.க. என்று அந்தக் கதையை மே தினத்துக்கு மே தினம் கேட்கிறோம். அப்புறம் 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் (பிறகு அசோக் லேலண்ட்), 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, அதே வருடம் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. பி.எஃப், போனஸ், கேன்டீன், ரிடையர் ஆகும்போது ஒரு தொகை என்று இந்தப் பகுதியில் நடுத்தர வர்க்கம் உருவானதே இந்த வேலைகளால்தான். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குப் போயின.

எந்த விதியும் நேராகப் பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது, பாதுகாப்புக்காக. மூன்று ஷிப்ட் சுற்றும் ஆலையில் ஒரு ஷிப்ட் வர முடியாதவரை யார் எடுப்பார்கள்? ஐடிஐ-யில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் படித்தவருக்கு அப்ரண்டிஸ் இடம். அந்த வகுப்புகளில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். அந்த இரவுத் தடையை அரசமைப்புக்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. பி அண்டு சி மில் மூடி அதற்குள் நாலு வருடம் ஆகியிருந்தது. கதவு திறந்தபோது உள்ளே இருந்த நிரந்தர வேலை குறைந்துகொண்டிருந்தது. புதிதாக வந்ததெல்லாம் கான்ட்ராக்ட்.

இதனால்தான் தமிழ்நாட்டைப் பற்றிய ஒரு பெருமைக் கணக்கைப் பார்க்கும்போது எனக்கு அரை சந்தோஷம்தான் வருகிறது. இந்தியாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று 2019-20-க்கான தொழிற்சாலைகள் கணக்கெடுப்பு சொன்னது. வேறு எந்த மாநிலமும் கிட்டே வர முடியாத எண். அந்தப் பெண்களில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் சூப்பர்வைசர் என்று கேட்டால்தான் சம்பளக் கணக்குத் தொடங்கும்.

நிரந்தரம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் ஊரே பார்த்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-வது மண்டலங்களின் தூய்மைப் பணியை மாநகராட்சி தனியாரிடம் ஒப்படைத்தது. அதுவரை மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கியவர்களுக்குப் புது ஏற்பாட்டில் 17,000-க்கும் கீழே என்று வந்தது. 1-ம் தேதி உட்கார்ந்தவர்கள், 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தும்வரை நடைபாதையிலேயே இருந்தார்கள். பெரும்பகுதி பெண்கள், பெரும்பகுதி தலித்துகள். ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று அங்கே யாரும் சம்பளம் நிர்ணயிக்கவில்லை. பெண்கள் நிறைந்திருந்த ஒரு வேலையின் கூலி மொத்தமாகக் கீழே போனது. தற்காலிகத் தொழிலாளிக்கும் அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் அடிப்படை ஊதிய விகிதம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. நடுவில் ஓர் ஒப்பந்ததாரர் வந்துவிட்டால், முதலாளி யார் என்ற கேள்வியிலேயே வழக்கு வருடக்கணக்கில் நின்றுவிடும்.

அட்ரஸுக்கும் ஒரு விலை இருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று பயோடேட்டாவில் போட்டால் இன்டர்வியூவில் முகம் மாறுகிறது என்பது இந்தப் பகுதிப் பிள்ளைகள் பலரும் சொல்லும் குறை. பையன்களுக்கு அது ரவுடி ஏரியா என்ற சந்தேகமாக வரும். பெண்களுக்கு அதோடு இன்னொன்றும் சேரும்: "லேட் ஆனா எப்படிம்மா வீட்டுக்குப் போவே?"

குழாய், பஸ், பிள்ளை

அந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்கிறார்கள் என்பதுதான் சிக்கல். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடம். பிள்ளை, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு. லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத தெருவில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த 289 குறைவாகக்கூடத் தோன்றலாம்.

சம்பளத்தில் இது எப்படி வந்து சேர்கிறது? நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வேலையை மட்டும் தேடுகிறவரிடம் முதலாளி பேரம் பேச வேண்டியதே இல்லை. பக்கத்தில் இருப்பது இரண்டு யூனிட், நாலு கடை என்றால் சொன்ன சம்பளம்தான். அம்பத்தூர் எஸ்டேட்டோ கிண்டியோ போனால் இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கிடைக்கும் என்று தெரிந்தும், ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அதில் பாதி போய்விடும் என்றுதான் பலர் விட்டிருக்கிறார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது கேலி பேசினவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அது பஸ் சலுகை மட்டும் இல்லை. எந்த வேலைக்குப் போகலாம் என்பதன் எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. அதே வருடம் பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை நீண்டது. அது வேகம்தான், ஆனால் அதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்.

பொருளாதாரத்துக்கான 2023-ன் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்காவின் இருநூறு வருடத் தரவுகளைத் தோண்டிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். இன்றைய இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் இருக்கிறது. முதல் பிள்ளை பிறந்ததும் அது விரிகிறது. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருகிறவருக்கே அதிகம் கொடுக்கும் வேலைகளில் அது மோசமாகிறது. அவர் பேசியது வக்கீல்களையும் நிதித்துறை ஆட்களையும் பற்றி. சீசனில் இரவு ஓட்டும் தையல் யூனிட்டுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் முதலாளியே இல்லை, அதனால் சம்பள இடைவெளியும் இல்லை என்று நினைக்க வேண்டாம். விடியும் முன் ஏலத்தில் கூடை எடுக்கும் பெண்ணுக்குக் கையில் முதல் வேண்டும். காலையில் 900 கொடுத்துவிட்டுச் சாயங்காலம் 1,000 வாங்கும் தண்டல் பழக்கம் சந்தைகளில் இன்றும் உண்டு. ஐஸுக்கும் வண்டிக்கும் போக மிஞ்சியது அவர் சம்பளம் என்றால், அதில் ஒரு பங்கு வட்டிக்காரருடையது. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-ல் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கியபோது தெருவோர வியாபாரப் பெண்களுக்குச் சிறுகடன் வாங்கிக் கொடுப்பதில் ஆரம்பித்ததற்கு இதுதான் காரணம்.

நிற்பதற்கும் ஒரு சம்பளம்

துணிக்கடைக்குள் போய்ப் பாருங்கள். சேலை எடுத்துப் போடும் பெண்கள் காலை முதல் இரவு வரை நிற்பார்கள். கஸ்டமர் இல்லாத மத்தியான நேரத்திலும் ரேக்கில் சாய்ந்து ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பார்களே தவிர உட்கார மாட்டார்கள். உட்கார ஸ்டூல் இருக்காது. இருந்தாலும் கேமராவைப் பார்த்துக் கேள்வி வரும். பாத்ரூம் போக ஃப்ளோர் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். கேரளாவுக்கு அடுத்து 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி கொடுக்க வேண்டும் என்று ஆக்கியது. நாற்காலிக்குச் சட்டம் போட வேண்டிய ஊர் என்று சிரிக்கலாம். கால் நரம்பு சுருண்டு, முதுகு போய், முப்பத்தைந்து வயதில் வேலையை விட்டவர்களைத் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். சீக்கிரம் விட்டுப் போகிற ஆளுக்கு சீனியாரிட்டி சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, தொடர்ந்து ஐந்து வருடம் முடிந்தால் கிடைக்கும் கிராஜுவிட்டியும் கொடுக்க வேண்டியதில்லை.

வேலையிடத்துச் சீண்டலும் இதே வழியில்தான் சம்பளத்தைத் தொடுகிறது. பெண் புகார் கொடுப்பதில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்கிறார். புது இடத்தில் மறுபடி ஃப்ரெஷர் ரேட். 2013-ன் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சென்னைக்கு அந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது, பாரிமுனையிலிருந்து நடக்கிற தூரம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும்.

பிள்ளைப்பேறு பற்றி ஒரு பொய்யை மட்டும் உடைத்துவிட்டுப் போகிறேன். "26 வாரம் லீவுக்குச் சம்பளம் கொடுத்தா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான், அதனாலதான் கல்யாணம் ஆன பொண்ணை எடுக்கிறதில்ல" என்று சின்ன முதலாளிகள் சொல்வார்கள். 2017-ல் 12 வாரம் 26 வாரமாக ஆனது உண்மை. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் உள்ள பெண்ணுக்கு அந்த விடுப்புக்கான பணத்தைக் கொடுப்பது முதலாளி இல்லை, இஎஸ்ஐ கழகம். முதலாளி கட்டுவது மாதாமாதம் சம்பளத்தில் 3.25 சதவீதம், அதுவும் ஆண் பெண் எல்லோருக்கும் சேர்த்துத்தான். இந்தப் பக்கத்துக் கடைகளிலும் யூனிட்களிலும் இருக்கும் பெண்களில் அந்த 21,000-ஐத் தாண்டுகிறவர்கள் குறைவு. பத்துப் பேரைக் காட்டினால் இஎஸ்ஐ வந்துவிடும் என்று எட்டுப் பேரைப் பதிவேட்டில் காட்டுகிறவருக்குத்தான் பிரசவம் செலவாகத் தெரிகிறது. இதைத் தெரிந்துகொண்டே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி வாசலைத் தினமும் தாண்டிப் போனாலும் தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

கணக்கு எங்கே கிடைக்கும்

பத்திரிகைகளில் இடைவெளி ஒரு நாள் ஒரு சதவீதம், இன்னொரு நாள் வேறொன்று என்று வருவதில் குழப்பம் வேண்டாம். மாதச் சம்பளம் வாங்குகிறவர்களை மட்டும் எடுத்தால் ஓர் எண் வரும்; தினக்கூலியையும் சேர்த்தால் வேறு; குச்சு கட்டுவது மாதிரியான சுயதொழில் வருமானத்தைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். மணிக் கணக்கில் பார்த்தால் சுருங்கும். வேலையையே விட்டுவிட்ட பெண்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இங்கிலாந்தில் 250 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள் 2017 முதல் தங்கள் இடைவெளியை வெளியிட வேண்டும். இங்கே பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் மட்டும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, ஆண் பெண் ஊழியர்களின் நடுமட்டச் சம்பளத்தை ஆண்டறிக்கையோடு வெளியிட வேண்டும். மணலியிலும் எண்ணூரிலும் ஆலை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் அறிக்கையை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். சங்கங்கள் கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோவது நல்லது. பழைய வண்ணாரப்பேட்டை மாடிக்கு செபி வராது.

அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கும் மூன்று விஷயம் உதவும். சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. சம்பளம் வரவில்லை, குறைத்துக் கொடுத்தார்கள் என்று மனுப் போட்டால், கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான். மனுப் போட மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. சீட்டே கொடுக்காத இடத்தில், தான் அங்கே வேலை பார்த்ததைக் காட்ட ஏதாவது வேண்டும். ஜிபேயில் வந்த பணம், "நாளைக்கு சீக்கிரம் வாங்கக்கா" என்று வந்த வாட்ஸ்அப் மெசேஜ், பீஸ் கணக்கு எழுதின நோட்டின் போட்டோ இவையெல்லாம் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டியவை. தனியாகப் போய் நிற்கத் தயங்குகிறவர் சார்பில், அவர் உறுப்பினராக இருக்கும் பதிவுபெற்ற சங்கமே மனுப் போடலாம்.